ஊர் வீட்டுக்குத் திரும்புமுன்

கரோல் பாகில் மாலை வேளையில் இரண்டு தமிழர் சந்தித்தால், பேச்சு அகவிலைப்படியில் தொடங்கினாலும் ஊர் வீட்டில்தான் போய் நிற்கும். ஓய்வு பெற்றதும் இந்த மாடி அறையைக் காலி செய்வது, அப்பா வாழ்ந்த வீட்டைச் செப்பனிடுவது, திண்ணையில் உட்கார்ந்து கூடை முடைந்தோ பொம்மை செதுக்கியோ மீதிக் காலத்தைக் கழிப்பது. சுதந்திரத்துக்கு முன்பே குமாஸ்தா வேலைக்கு வந்து இந்தச் சந்துகளில் குடியேறிய தலைமுறை தொட்டு வரும் கனவு இது. பலர் போகாமலே காலம் கழித்தனர். பிள்ளைகள் துவாரகா, நொய்டா என்று வீடு வாங்கிக்கொண்டார்கள். ஊர் வீடு பூட்டியே கிடக்கிறது.

இப்போது சிலர் மெய்யாகவே போகத் துணிகிறார்கள். வரவேற்க வேண்டிய துணிவுதான். ஆனால் சேமநிதிப் பணத்தோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுமுன் யோசிக்க வேண்டியவை உண்டு.

அந்த வீடு யாருடையது? அண்ணன் தம்பி வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டது போதாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமான பெண்களுக்கும் அந்த உரிமையை உறுதி செய்தது. 'சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று' என்ற பழைய வாதம் செல்லாது. தங்கையின் கையெழுத்து இல்லாமல் கொல்லைச் சுவரைக்கூடத் தொடாதிருப்பதே உத்தமம். பணத்தைக் கொட்டிய பிறகு பாகப்பிரிவினை வழக்கு வந்தால் வீடும் போகும், உறவும் போகும்.

அடுத்தது பழுது பார்க்கும் முறை. இங்கேதான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். டில்லிக்காரர் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் ஊருக்குப் போகிறார். வீடு ஒழுகுவதோ ஐப்பசியில். வெயிலில் பார்த்து மதிப்புப் போட்டால் கணக்குத் தப்பாமல் என்ன செய்யும்? ஒரு மழைக்காலம் அந்த வீட்டில் தங்கிப் பார்த்தால், எந்த ஓடு உடைந்தது, எந்தப் பனங்கையைக் கறையான் தின்றது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று வீடே சொல்லிவிடும்.

ஓதம் ஏறும் சுவரைக் கண்டதும் கொத்தனார் சொல்லும் வைத்தியம் சிமெண்டுப் பூச்சு. பழைய வீட்டுக்கு அது வினை. செங்கல்லை மண்ணிலோ சுண்ணாம்பிலோ வைத்துக் கட்டிய சுவர், தரையின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து, பூச்சே பாளம் பாளமாய் விழும். சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் புளிக்க வைத்துப் பூசிய நம் முன்னோர் ஒன்றும் சிமெண்டு கிடைக்காத ஏமாளிகள் அல்லர். அந்த வேலை தெரிந்த கொத்தனார் அருகிவிட்டார். தேடிப் பிடித்து, ஒப்பந்தம் பேசி அவசரப்படுத்தாமல் நாள் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டும். பழைய வீடு எப்படி நின்றது என்று பார்க்க விரும்புவோர் சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ராவுக்குப் போகலாம்; செட்டிநாட்டு வீட்டையும் அக்கிரகார வீட்டையும் பிரித்தெடுத்து வந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.

கைத்தொழில் ஆசை நல்ல ஆசை. அதிலும் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில் (ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர்தான்) கோரையை நீரில் ஊறவைத்து, நாராகக் கிழித்து, துணிபோல மடிக்கக் கூடிய பாய் நெய்கிறார்கள். அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குறியீடு வயிற்றை நிரப்பாது. நெய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நயமான பாய் ஒன்றுக்கு நாள் கணக்கில் குனிந்து உட்கார வேண்டும். டில்லி ஹாட்டில் அதே பாயைப் பாதி விலைக்குக் கேட்டுவிட்டு நகர்கிற அன்பர், ஓய்வு பெற்றபின் பொழுதுபோக்காகப் பாய் நெய்யப் போவதாகச் சொல்வது வேடிக்கை. தாராளமாகக் கற்கட்டும், கற்றுக் கொடுப்பவருக்குக் கூலி கொடுத்துக் கற்கட்டும். ஊர் வீட்டுக்கு வேண்டிய பாயையும் பானையையும் கேட்ட விலைக்கே வாங்கட்டும்.

இத்தனையும் யோசிப்பவர்கள் ஒருவரை மட்டும் கேட்க மறந்துவிடுகிறார்கள்: வீட்டு அம்மாளை. நாற்பது வருஷம் டில்லிக் குளிரிலும் புழுதியிலும் குடும்பம் நடத்தியவர் அவர். கோயில், காய்கறிக்காரன், மருந்தகம், பேச அண்டை வீடு என்று கரோல் பாகிலேயே தனக்கென ஓர் ஊரை உண்டாக்கிக் கொண்டவர். திண்ணை கணவருக்கு, முற்றம் பெருக்குவதும், கிணற்றில் இறைப்பதும், இருட்டில் கொல்லைக்குப் போவதும் யாருக்கு? கிராமம் வேண்டாம் என்று அவர் சொன்னால் அது பட்டண மோகம் ஆகாது. மதிப்புப் போடும்போது முதல் தொகையை வீட்டுக்குள்ளேயே கழிப்பறைக்கும் குளியலறைக்கும், சமையலறையில் குழாய்க்கும் புகைபோக்கிக்கும் ஒதுக்கிவிடலாம். திண்ணைத் தூணுக்கு எண்ணெய் பூசுவது அடுத்த தை மாதம் வரை காத்திருக்கும்.