அரிசிப் பொதியோடு கரண்ட் பில்லையும் பார்ப்போம்

கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதிப் பக்கத்து உறவுகள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால் நம்ம பகுதியில் யாரும் சும்மா இருப்பதில்லை. நோன்பு வந்தால் உலர் உணவுப் பொதி, பள்ளியில் கஞ்சி, மௌத் வீட்டுக்குச் சாப்பாடு. கொரோனா காலத்திலும் 2022 நெருக்கடியிலும் இந்தப் பழக்கம் பல குடும்பங்களைத் தாங்கியது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் கரண்ட் வெட்டப்பட்ட வீடு பக்கத்து வீட்டுக்கே தெரிவதில்லை. "லைன்ல ஏதோ பிழை" என்று சொல்லி மெழுகுதிரி ஏற்றிக்கொள்வார்கள். பில் கட்டக் காசில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம். ஆசிரியர்களான எங்களுக்கு அது பிள்ளைகள் மூலம்தான் தெரிய வருகிறது. அயன் பண்ணாத சீருடை, பாதியில் நிற்கும் வீட்டுப்பாடம், கேட்டால் குனியும் தலை. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இரவு இரண்டு மணித்தியால வெளிச்சம் என்பது ஆடம்பரம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். மாதம் 30 யூனிட் மட்டும் பாவித்த வீட்டுக்கு 2022 ஓகஸ்ட்டுக்கு முன் பில் 105 ரூபா. அந்த ஓகஸ்ட்டில் 360. 2023 பெப்ரவரியில் 1,300. ஆறே மாதத்தில் இவ்வளவு. நாட்டாமை வேலை செய்பவருக்கோ, வீட்டில் தையல் தைக்கும் தாய்க்கோ கூலி அப்படிக் கூடவில்லை.

இன்னொரு சிக்கல் 60 யூனிட் கோடு. 2023 பெப்ரவரிக் கட்டணப்படி 60 யூனிட்டுக்கு 2,560 ரூபா. 61 யூனிட் என்றால் 3,212. கோட்டைத் தாண்டியதும் முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடும். அதன் பிறகு கட்டணம் பலமுறை இறங்கி ஏறியது, ஆனால் இந்த முறை அப்படியே இருந்தது. நம்ம தோட்டத்து வீடுகளில் மேல்மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், இரண்டுக்கும் ஒரே மீட்டர். தனித்தனியாகச் சிக்கனமாக இருந்தாலும், சேர்த்து எண்ணும்போது கோடு தாண்டிவிடுகிறது. ஏழை வீடு வசதியான வீட்டின் விலையைக் கட்டுகிறது.

"இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டியது" என்பார்கள். உண்மைதான், அதைக் கேட்கவும் வேண்டும். அஸ்வெசும கிடைக்காத குடும்பங்கள் மேன்முறையீடு செய்ய உதவவும் வேண்டும். ஆனால் சிவப்பு நோட்டீஸ் அதுவரை காத்திருக்காது.

நாம் செய்யக்கூடியவை:

1. ஒவ்வொரு மஹல்லாவிலும் பில்லுக்கென்று ஒரு சிறு நிதி. காசைக் கையில் கொடுக்காமல், பில்லில் உள்ள கணக்கு இலக்கத்துக்கே கட்டிவிடலாம். ஃபோட்டோ வேண்டாம், பெயர் வாசிக்க வேண்டாம்.

2. வெட்டிய பிறகு இல்லை, நோட்டீஸ் வந்தவுடனேயே கட்டுவது. வெட்டினால் மீண்டும் இணைக்கத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும்.

3. ஒரே மீட்டரில் இருக்கும் குடும்பங்களுக்குத் தனி மீட்டர் எடுக்க முடியுமா என்று பார்ப்பது. படிவம் நிரப்ப, வீட்டுக்காரரோடு பேச, கிராம சேவகரைச் சந்திக்கப் படித்த தம்பி தங்கைகள் முன்வரலாம். ஒருமுறை செய்தால் மாதாமாதம் மிச்சம்.

ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் ஏழைகளும் இருக்கிறார்கள், கடனாளிகளும் இருக்கிறார்கள். நிலுவைப் பில் அதில் எப்படி அடங்கும் என்பதை உலமாக்களிடம் கேட்டுச் செய்வோம். ஸதகாவுக்கு அந்தக் கேள்வியே இல்லை. யாருக்கும் கொடுக்கலாம்.

அதனால் இந்த நிதி முஸ்லிம் வீட்டோடு நிற்கக் கூடாது. அந்தோனியார் கோயில், பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், பள்ளிவாசல் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் உள்ள ஊர் இது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அயலவர் முகம் பார்க்கவே தயங்கிய நாட்கள் நமக்கு நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டில் பல்ப் எரிய நாம் உதவினால், அது பேச்சை விடப் பெரிய காரியம்.

இந்த ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் பள்ளி நிர்வாகிகளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். ஏற்கனவே எங்காவது இப்படி நடந்தால் கமெண்டில் எழுதுங்கள், மற்றவர்களும் பின்பற்றட்டும்.