புத்தம் வீடும் பழைய இரகசியமும்

நாவல் படித்தல் நன்றோ தீதோ என்னும் வழக்கு, தமிழில் நாவல் தோன்றிய நாள் தொட்டே நடந்து வருகின்றது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்கள் 1879-ஆம் ஆண்டில் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும், கதைப் புத்தகம் பிள்ளைகளின் புத்தியைக் கெடுக்கும் என்று சொல்லும் பெரியோர் நம் இல்லங்களில் இன்றும் உளர். அவ்வழக்கை மீண்டும் விசாரிக்க யாம் இங்கே புகவில்லை. யாம் ஆராயப் புகுந்தது அதனினும் சிறியதும், ஆயினும் நெஞ்சுக்கு மிக அணித்தானதுமான ஒரு வினா. ஒரு குடும்பம் நெடுநாள் பூட்டி வைத்த இரகசியத்தையும், கைகூடாது போன காதலையும், வாய்விட்டு அழப்பெறாத துக்கத்தையும் கதையாக எழுதுதல் தகுமோ, தகாதோ? அதனைப் படித்தல் தகுமோ, தகாதோ? இரண்டும் தகும் என்பதே எம் துணிபு. அத்துணிபுக்கு எம்மைக் கொணர்ந்தவை ஒரு நாவலும், எம் வீட்டுப் பழைய ஏடு ஒன்றுமாம்.

எம் ஊர் பனவடலிசத்திரம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. வடலி என்பது இளம்பனை. பனையும், வழிச்செல்வோர் தங்கும் சத்திரமும் பெயரிலேயே அமைந்த ஊரில் கதைகளுக்குப் பஞ்சம் இராது. பிறர் வீட்டுக் கதை எதுவாயினும் எம் வீட்டுத் திண்ணையில் தாராளமாகப் பேசப்படும். எம் வீட்டுக் கதை மட்டும் பேசப்படாது.

எம் பூட்டனார் கையாண்ட வேதாகமம் ஒன்று வீட்டில் இருக்கின்றது. அதன் முதலேட்டில் அவர் தம் மக்கள் எழுவரின் பெயரையும், பிறந்த நாளையும், ஞானஸ்நானம் பெற்ற நாளையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். நம் பக்கத்துக் கிறிஸ்தவ இல்லங்களில் இவ்வழக்கம் உண்டென்பதை வாசகர் அறிவர். அவ்வேழு வரிகளுள் மூன்றாவது வரி மையால் அடிக்கப்பட்டிருந்தது. ஒரு கோடிட்டு அடித்ததன்று. எழுத்தின் சாயலும் தெரியாவண்ணம் பலமுறை தீற்றி, ஏட்டின் மறுபுறம் வரை மை ஊறும்படி அடித்தது. சிறுபிராயத்தில் யாம் அதனைக் காட்டி ஆச்சியிடம் கேட்டோம். “சின்னப் பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு? கிழங்கு ஆறுது, தின்னு” என்று அவித்த பனங்கிழங்கை எம் கையில் வைத்தாள். அதன்பின் யாம் கேட்கவில்லை. கேட்கலாகாத வினா இன்னதென்பதைக் குழந்தைகள் வெகு விரைவில் கற்றுக் கொள்கின்றனர்.

இனி நாவலுக்கு வருவோம். ஹெப்சிபா ஜேசுதாசன் அம்மையார் எழுதி 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புத்தம் வீடு’ என்பதே யாம் குறித்த நூல். அம்மையார் 1925-இல் பிறந்து 2012-இல் மறைந்தவர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக விளங்கியவர். தமிழ்ப் பேராசிரியரான தம் கணவர் ஜேசுதாசன் அவர்களுடன் சேர்ந்து, தமிழிலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1961-இல் வெளியிட்டவர். சங்க நூல் முதலாகப் பெரு நூல்களில் பழகிய அவர், கதை எழுத நேர்ந்தபொழுது மன்னர் மாளிகையை நாடவில்லை. தென் திருவிதாங்கூர்ச் சீமையில், பனையை நம்பிப் பிழைக்கும் ஒரு கிராமத்தில், நொடித்துப்போன ஒரு குடும்பத்தின் வாயிற்படியில் சென்று அமர்ந்தார்.

அவ்வீட்டுக்குப் பெயர் புத்தம் வீடு. பெயரில் மட்டும் புதுமை இருக்கின்றது, வீடோ பழையது. பொருள் போயிற்று, பெருமை போகவில்லை. பாட்டனாரான கண்ணப்பச்சி பழம் பெருமையின் நிழலில் அமர்ந்திருக்கிறார். மூத்த மகன் குடியில் மூழ்கிக் கிடக்கிறான். அவன் மகள் லிஸி, பள்ளிக்கு ஓடிய பருவம் கழிந்து பெரியவளானதும், அடிச்சுக்கூட்டுக்குள் அகப்பட்டவள்போல வீட்டுக்குள் அடைபடுகிறாள். அவளுடன் சிறுவயதில் பள்ளியில் பழகிய தங்கராஜ் பனையேறியின் மகன், தானும் பனையேறுபவன். இருவருக்கும் சாதி ஒன்றே, சமயமும் ஒன்றே, தொழுகிற ஆலயமும் ஒன்றே. ஆயினும் பனை உடையவனுக்கும் பனை ஏறுபவனுக்கும் இடையே நின்ற சுவர், ஆலயத்தின் சுவரினும் உறுதியாயிருந்தது. அவர்தம் அன்பு சொல்லால் வளர்ந்ததன்று, சொல்லாமையாலேயே வளர்ந்தது.

பின்னர் லிஸியின் சிற்றப்பன் கொலையுண்கிறான். பழி தங்கராஜின்மேல் விழுகின்றது. பாளை சீவும் அரிவாளை இடுப்பில் தாங்கிய ஏழையின்மேல் பழி சுமத்துதல் எளிதன்றோ! உண்மையில் அக்கொலையைச் செய்தவன் லிஸியின் தந்தையே. இறுதியில் உண்மை வெளிப்படுகின்றது, தங்கராஜ் மீள்கிறான், லிஸியும் அவனும் மணம் புணர்கின்றனர்.

இவ்வளவு கதையையும் யாம் சொல்லிவிட்டோமே என்று வருந்தற்க. இந்நூலின் சுவை முடிவை அறிவதில் இல்லை. அம்முடிவு வரும் வரை லிஸி வாய் திறவாதிருக்கும் ஆண்டுகளில் இருக்கின்றது. அவள் துக்கத்துக்கு இழவு வீட்டின் மரியாதை இல்லை. கணவனை இழந்தவள் அழலாம். மகனை இழந்தவள் மார்பில் அறைந்து கொள்ளலாம். ஊர் கூடி உடன் அழும். ஒருவனை விரும்பினேன், அவனை இழந்தேன் என்று நம் வீட்டுப் பெண் எவளால் அழ முடியும்? விரும்பியதே குற்றமாகும்போது அழுகை அக்குற்றத்தின் சாட்சியாகிவிடும். ஆகவே அவள் நெல் குற்றுகிறாள், தண்ணீர் சுமக்கிறாள், அடுப்பு மூட்டுகிறாள். புகையென்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். இந்தத் துக்கத்துக்குத் தமிழில் இடம் அமைத்துக் கொடுத்ததே அம்மையாரின் பேருபகாரம் என்போம்.

குடும்ப இரகசியம் என்பது குடும்பத்தார் அனைவரும் பகிர்ந்து சுமக்கும் சுமை என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. மானத்தின் பயனை ஆடவரும் மூத்தோரும் நுகர்கின்றனர். அதன் விலையை வீட்டில் மிக எளியவர் எவரோ அவரே செலுத்துகின்றனர். புத்தம் வீட்டின் பெருமையைக் காத்தவள் லிஸி. அதற்காகச் சிறையிருந்தவன் தங்கராஜ். இரகசியம் எங்கெல்லாம் நிலைத்திருக்கின்றதோ அங்கெல்லாம் இந்தக் கணக்கைப் பார்த்தல் வேண்டும்: காக்கப்படுபவர் யார்? கொடுப்பவர் யார்?

இவ்வாராய்ச்சி நம் நாவலாசிரியர்க்குப் புதிதன்று. நம் திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளத்தில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையில் பயின்ற அ. மாதவையா அவர்கள், 1903-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘முத்துமீனாட்சி’யில், இளம் விதவை ஒருத்தியைத் தன் கதையைத் தானே சொல்லச் செய்தார். அவளைப் பற்றி வீட்டார் பேசியது போதும், அவளே பேசட்டும் என்று அவர் கருதினார் போலும். தி. ஜானகிராமன் அவர்களின் ‘அம்மா வந்தாள்’ 1966-இல் வெளிவந்தது. அதில் அலங்காரத்தம்மாளின் இரகசியத்தை வீட்டில் அறியாதவர் இலர். ஆயினும் அறிந்ததாகக் காட்டிக்கொள்பவரும் இலர். மூத்த பிள்ளைகளும் கணவரும் மௌனத்தையே உணவோடு உண்டு வாழ்கின்றனர். வேதம் ஓதிவிட்டு ஊர் திரும்பும் அப்பு ஒருவனே அம்மௌனத்தில் இடறி விழுகிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தல் ஆகாது என்பது பழமொழி. மறைக்க இயலாது என்பதைக் காட்டிலும், மறைந்திருப்பதாக அனைவரும் நடித்தல் வேண்டும் என்பதே கொடுமை என்பதை ஜானகிராமன் காட்டினார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். “வீட்டுக் குப்பையை வீதியில் கொட்டுதல் அறமாகுமோ? மறைத்தற்குரியதை மறைத்தல் அன்றோ நாகரிகம்? இறந்தவர் எழுந்து வந்து தம் நியாயத்தைச் சொல்ல மாட்டாரே!” என்பர். இது இகழ்ந்து தள்ளத்தக்க ஆட்சேபமன்று. வம்பு பேசுதலை உண்மை உரைத்தல் என்று மயங்குவோர் நம்மிடையே மிகுதி. அயலார் வீட்டுத் துயரத்தைச் சுவைப்பதற்கென்றே நாவல் படிப்போரும் உளர். அத்தகையோர்க்காக எழுதுவோரும் உளர். ஆயினும் அடக்கம் வேறு, அழித்தல் வேறு. ஒருவரது துயரைப் பிறர் முன் பேசாது காத்தல் அடக்கம். அவர் துயருற்றதே இல்லை, ஏன், அவர் பிறந்ததே இல்லை என்று சாதித்தல் அழித்தல். முன்னது அன்பினால் வருவது. பின்னது அச்சத்தினால் வருவது. நல்ல நாவல் ஒருவர் பெயரையும் சுட்டாமலே ஆயிரம் வீடுகளின் பூட்டைத் திறக்கின்றது. லிஸி எவர் வீட்டுப் பெண்ணும் அல்லள். ஆதலால் எல்லார் வீட்டுப் பெண்ணும் ஆகின்றாள். புனைகதையின் தருமம் இதுவே.

இதனை யாம் நூலறிவால் மட்டும் சொல்லவில்லை. சென்ற கோடை விடுமுறையில் யாம் ஊரில் இருந்தபோது, ஆச்சிக்குப் பார்வை மங்கியிருந்தது. மாலைதோறும் வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசித்துக் காட்டுவது எம் கடமையாயிற்று. ஒருநாள், “வேற ஏதாச்சும் படிச்சுக் காட்டேன்” என்றாள். கையில் இருந்தது புத்தம் வீடு. பனையும் பதநீரும் கருப்புக்கட்டி காய்ச்சும் விடிலியும் கதையில் வரக் கேட்டு முதலில் மகிழ்ந்து சிரித்தாள். தெற்கத்தியார் பதநீரை அக்கானி என்பதைக் கேட்டு வியந்தாள். நாள்கள் சென்றன. தங்கராஜைப் பிடித்துக்கொண்டு போன இடத்தை யாம் வாசித்த மாலையில் அவளிடமிருந்து ஓசையே எழவில்லை. நிமிர்ந்து பார்த்தோம். அழுதுகொண்டிருந்தாள்.

பின்பு எழுபது ஆண்டாக அடைத்திருந்த வாய் திறந்தது. மையால் அடிக்கப்பட்ட பெயர் எம் பாட்டனாரின் தமக்கையாருடையது. ஆச்சி மணமாகி வந்த ஆண்டில், அவ்வம்மை தாம் விரும்பிய ஒருவரை மணக்க வீட்டாரிடம் விடை வேண்டினார், விடை கிடைக்கவில்லை. மணமின்றியே சில ஆண்டு வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். பின் ஒருநாள் வைகறையில், எவரிடமும் சொல்லாமல் சத்திரத்துச் சாலையில் நடந்து சென்றுவிட்டார். அன்று மாலையே பூட்டனார் பேனாவை எடுத்தார். வெகுநாள் கழித்து, தூர ஊர் ஒன்றில் அவர் இறந்தார் என்ற செய்தி வந்தது. வீட்டில் அடுப்பு அணையவில்லை, ஒருவரும் போகவில்லை. “அவ எனக்குத் தலை பின்னி விடுவா” என்றாள் ஆச்சி. “நான் அழக்கூட இல்ல. அழுதா யாருக்குன்னு கேப்பாகளே.”

லிஸிக்கு வாழ்வு திரும்பக் கிடைத்தது. எம் பாட்டனாரின் தமக்கைக்குக் கிடைக்கவில்லை. நாவலின் மங்கல முடிவு எளிதில் வந்தது என்று குறை கூறுவாரை யாம் அறிவோம். முன்னர் யாமும் அவ்வாறே எண்ணியதுண்டு. இப்பொழுது எண்ணுவதில்லை. அம்முடிவு, நடந்ததைச் சொல்வதன்று. நடந்திருக்கலாகும் என்பதைச் சொல்வது. ஒரு வீட்டார் தம் மானத்தைச் சிறிது தளர்த்தியிருந்தால், ஒருவர் ஒரு வார்த்தை உண்மை பேசியிருந்தால், ஒரு பெண் வைகறையில் தனியே நடந்து செல்ல வேண்டியிராது என்பதைச் சொல்வது. அதனைக் கேட்டபின்னரே ஆச்சியால் அழ முடிந்தது.

மாணவ நண்பர்களே! பரீட்சைக்குரிய நூல்களை நீங்கள் படிக்கத்தான் போகிறீர்கள். அதற்கு எம் புத்திமதி வேண்டா. இத்தகைய நாவல் ஒன்றையும் இவ்விடுமுறையில் உடன் கொண்டு செல்லுங்கள். தனித்து அறைக்குள் இருந்து படித்து முடிக்காமல், வீட்டில் மூத்தவர் ஒருவர்க்கு வாசித்துக் காட்டுங்கள். எதையும் துருவிக் கேளாதீர்கள். பக்கத்தைப் புரட்டிக்கொண்டு, அவர் மௌனத்துக்கும் இடம் விட்டு, வாசித்துச் செல்லுங்கள். திறக்கவேண்டிய கதவு தானே திறக்கும். திறவாது போயினும் ஒரு மாலைப்பொழுது அன்பில் கழிந்ததாகும்.

எம் பாட்டனாரின் தமக்கை பெயரை இங்கே யாம் எழுதவில்லை. இப்பத்திரிகை எம் வீடன்று. எழுதவேண்டிய இடத்தில் எழுதிவிட்டோம். வேதாகமத்தின் முதலேட்டில், கறுத்துக் கிடந்த மூன்றாம் வரியின் மேலே, சிறிது இடம் இருந்தது. ஆச்சி சொல்லச் சொல்ல, யாம் எழுதினோம். பிறந்த நாள் அவளுக்கு நினைவில்லை. பெயர் மட்டும் எழுதினோம். எழுதி முடித்ததும் அவ்வேட்டின்மேல் விரலை வைத்து, “எந்த இடத்துல இருக்கு?” என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து அவ்விடத்தில் வைத்தோம்.