பறந்து வந்தது, பறந்தே போனது!

2001 மே 10. போயிங் நிறுவனத்தின் தலைவர் ஃபில் காண்டிட் விமானத்தில் ஏறினார். எந்த ஊருக்குப் போகிறார் என்பது பரம ரகசியம். சிகாகோ, டல்லாஸ், டென்வர்... மூன்று நகரங்களும் போயிங்கின் தலைமை அலுவலகத்தைப் பிடிக்கப் போட்டி போட்டுக் காத்திருந்தன. விமானம் இறங்கியது சிகாகோவில்!

அந்த நகரமும் இல்லினாய்ஸ் மாநிலமும் 20 ஆண்டுகளுக்குத் தர ஒப்புக்கொண்ட சலுகைகள் சுமார் 6 கோடி டாலர். கூடவே வந்த வேலைகளோ சுமார் 500 தான்.

1916-ல் போயிங் பிறந்த ஊரான சியாட்டில் நொந்துபோனது. ஆனால், போனது அலுவலகம் மட்டுமே. பக்கத்து ஊர்களான எவரெட்டிலும் ரென்டனிலும் விமானத் தொழிற்சாலைகள் அப்படியே இருந்தன. பல்லாயிரம் பேரின் வேலையும் தப்பியது.

சிகாகோவின் சலுகைக் காலம் முடிந்தது. 2022 மே மாதம், 'ஆர்லிங்டனுக்கு மாறுகிறோம்' என்றது போயிங். வாஷிங்டனின் ரீகன் விமான நிலையமும், ராணுவத் தலைமையகமான பென்டகனும் இருக்கும் ஊர் அது.

2024-ல் பொறுப்பேற்ற தலைமைச் செயல் அதிகாரி கெல்லி ஆர்ட்பெர்க், தங்கி வேலை பார்க்கத் தேர்ந்தெடுத்த ஊர் எது தெரியுமா? சியாட்டில்! விமானம் உருவாகும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டுமாம்.

மேசை நாற்காலியை எந்த ஊரிலும் போடலாம். ஓடுபாதையையும், கைதேர்ந்த தொழிலாளர்களையும் அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. வரிப்பணத்தை வாரிக் கொடுக்கும் நகரங்கள், வரப்போவது தொழிலா, வெறும் பெயர்ப்பலகையா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.