மொட்டை நிலத்துக்கு ஒரு வக்காலத்து

மரம் நடுகிறவர்களோடு சண்டைக்குப் போகிறவன் இந்த நாட்டில் உருப்பட முடியாது. பசுவை அடித்தவனுக்காவது பிராயச்சித்தம் உண்டு; 'இங்கே மரம் வேண்டாம்' என்று சொன்னவனுக்கு அதுவும் கிடையாது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வேப்பூர் கூட்டுரோட்டில் காப்பிக்கு இறங்குவார்கள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லாத ஊர், சார்" என்பார்கள். விருத்தாசலத்துப் பீங்கானும் முந்திரியும் அவர்களுக்குத் தெரியும். நடுவே கிடக்கிற மேட்டுப் புல்வெளியும் கல்லாங்காடும் தெரியாது. சர்க்காருக்கும் தெரியாது. கிராமக் கணக்கில் அதற்குப் பெயர் தரிசு. டில்லியிலோ தரிசு நிலங்களுக்கென்றே படப் புத்தகம் போடுகிறார்கள். 2019-இல்கூட ஒன்று வந்தது. புதர்க்காடும் மேய்ச்சல் நிலமும் அதில் பாழ்நிலத்தோடு சேர்த்தி.

பாழ் என்றால் வெள்ளிக்கிழமை வேப்பூர் ஆட்டுச் சந்தைக்கு வந்து நிற்கும் ஆடுகள் எதைத் தின்று வளர்ந்தன? காற்றையா? ஆட்டுக்காரனிடம் போய் இந்த நிலம் பாழ் என்று சொல்லிப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்ப்பான்.

ஆட்டுக்காரனுக்கு அடுத்தபடி அந்த நிலத்தின் அருமை தெரிந்தது பறவைக்குத்தான். வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில் ஆட்காட்டி வெறுந்தரையிலே நாலு கல்லுக்கு நடுவே முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கிடையாது. முட்டைக்கும் கூழாங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. அதுதான் அதற்குக் காவல். வானம்பாடி தரையிலிருந்து கிளம்பி, பாடிக்கொண்டே மேலே போய், கல் விழுகிற மாதிரி கீழே இறங்கும். கௌதாரி, காடை, இரவில் மாட்டு வண்டித் தடத்திலே படுத்திருக்கும் பக்கி, எல்லாம் தரைக் குடித்தனம். மழைக் காலம் முடிந்து புல் உயர்ந்ததும் வடக்கேயிருந்து பூனைப் பருந்து வருகிறது. பகலெல்லாம் புல்லுக்குமேல் தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடிக்கிறது. இவ்வளவு பெரிய பறவை இரவில் எங்கே தூங்குகிறது என்று நினைக்கிறீர்கள்? மரத்திலா? இல்லை, புல்லுக்குள், தரையில்.

இங்கே கொண்டுபோய்த் தைலமரக் கன்றை வரிசையாக நட்டால் என்ன ஆகும்? நாலைந்து வருஷத்தில் நிழல் விழுந்து புல் போகும். மரக்கிளை காக்கைக்கு வசதியான மேடை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தரையிலுள்ள முட்டைகளை எண்ணலாம். பூனைப் பருந்துக்குப் படுக்கை போயிற்று. ஆட்டுக்கு மேய்ச்சல் போயிற்று. ஆனால் புகைப்படத்தில் பச்சையாகத் தெரியும். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தில் 33 சதவிகிதம் பசுமைப் போர்வை என்று இலக்கு வைத்திருக்கிறது. நல்ல இலக்கு. சாலையோரம் நடுங்கள், பள்ளிக்கூடத்தில் நடுங்கள், வெட்டிய காட்டில் திரும்ப நடுங்கள். காலி இடம் எது என்று கேட்டவுடன் கணக்குப்பிள்ளையின் விரல் மேய்க்கால் புறம்போக்குக்குப் போகிறதே, அங்கேதான் என் ஆட்சேபம்.

தமிழில் வரகுக் கோழி என்று ஒரு பெயர் உண்டு. புல்லிலும் புன்செயிலும் திரிந்த பறவை. மழை பெய்ததும் ஆண் பறவை புல்லுக்கு மேலே துள்ளித் துள்ளிக் குதிக்கும். இன்று அது முட்டையிடுவது ராஜஸ்தான், குஜராத் பக்கத்துப் புல்வெளிகளில்தான். உலகத்திலேயே அழியும் விளிம்பில் இருக்கும் பறவை என்று 2021-இல் எழுதி வைத்துவிட்டார்கள். வரகு விளைந்த இந்தச் சீமையில் அந்தப் பெயரைக் கேட்டவர்களே இப்போது அபூர்வம்.

புல்லுக்கு நேர்ந்த கதைதான் ஏரிக்கும். வேப்பூருக்குத் தெற்கே திட்டக்குடிப் பக்கம் வெலிங்டன் ஏரி இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து வேலை, 1923-இல் முடிந்தது. இந்த மாதிரி ஏரியை மார்கழியிலே பார்க்கிறவர்கள் உண்டு. சித்திரையில் பார்க்கிறவர்கள் இல்லை. 'வெளிநாட்டுப் பறவை' என்ற மயக்கம் அப்படி. சைபீரியாவிலிருந்து பிரசவத்துக்கு வருகின்றன என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். வேடந்தாங்கலில் கூடு கட்டும் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நம் தேசத்துப் பிரஜைகள். வடக்கத்தி வாத்துக்கள் இங்கே தின்ன வருகின்றன. முட்டையிட ஊர் திரும்பிவிடும். அந்த வேடந்தாங்கல் குடியானவர்கள் 1798-லேயே கலெக்டரிடம் எழுத்து வாங்கிப் பறவையைக் காப்பாற்றினார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஏரியை 'அழகுபடுத்த' வருகிறார்கள். கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதிப்பது, நடைபாதை, விளக்கு, படகு. உள்ளானின் கால் நீளம் இரண்டு அங்குலம், ஐயா! விளிம்பிலே சேறும் சாய்வும் இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு. தொட்டி மாதிரி வெட்டின ஏரியில் அது எங்கே நிற்கும்? பாசனத்துக்குத் தூர் வாரத்தான் வேண்டும், மறுக்கவில்லை. நடுவிலே ஆழமாக எடுங்கள், கரையோரச் சரிவை விட்டுவிடுங்கள். காண்டிராக்டருக்கு இதனால் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை, மண்தான் குறையும். (அதுதான் கஷ்டம் போலும்.) தண்ணீர் வற்றிய ஏரியைச் செத்த ஏரி என்கிறார்கள். அந்த வெடித்த தரையில் உப்புக்கொத்தி குஞ்சு பொரிப்பது அப்போதுதான்.

மார்கழிப் பனியில் காமிராவோடு வருகிறவர்கள் சித்திரையிலும் ஒரு தடவை வரட்டும். குடை கொண்டு வரட்டும். ஏரித் தரையில் இறங்கும்போது மட்டும் காலைப் பார்த்து வைக்க வேண்டும், முட்டை இருக்கும்.