பிஸாரெவும் சப்பாத்தும்

ருஷ்ய விமரிசகர் திமித்ரி பிஸாரெவின் பெயரைச் சொன்னதும், "புஷ்கினிலும் சப்பாத்தே மேல் என்றவரல்லவா?" எனக் கேட்போர் இன்றும் உளர். அவ்வாசகம் அவருடையதன்று. புதுமைக் கொள்கையினரான இளைஞரை எள்ளி 1864இல் டொஸ்டோயெவ்ஸ்கி எழுதிய அங்கதத்திலே வருவது அது. எனினும், பழி தம்மேல் விழுவதற்கு பிஸாரெவும் இடம்வைத்தே எழுதினார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

1840இல் பிறந்த அவர், 1861 முதல் 'ருஷ்யச் சொல்' என்னும் சஞ்சிகையில் எழுதினார். ஹெர்ஸெனுக்காக வாதாடி, ஜார் ஆட்சியைச் சாடிய கட்டுரையொன்றை இரகசியமாக அச்சிட முனைந்தமைக்காக 1862இற் கைதானார். பீற்றர்ஸ்பேர்க் கோட்டைச் சிறையில் நான்காண்டுகளுக்கு மேற் கழிந்தன. அவரது முக்கிய கட்டுரைகளிற் பல அங்கேதான் எழுதப்பட்டன. விடுதலையாகி இரண்டாண்டு நிரம்புமுன், 1868இல், றீகாவுக்கு அண்மையிற் கடலில் நீராடுகையில் மூழ்கி இறந்தார். வயது இருபத்தேழு.

1865இல் அவர் புஷ்கினைத் தாக்கிய கட்டுரை நமக்கு எரிச்சலூட்டுவதே. ஒனேகினைக் காவிய பாத்திரமாகக் கொள்ளாது, வேலைவெட்டியில்லாத பிரபுவாகக் கூண்டிலேற்றி விசாரிக்கிறார்; கவிதையின் ஓசையின்பம் அவர் செவியில் ஏறவேயில்லை. கலைக்காகப் பரிந்து பேசுவோர் இவ்விடத்திலேயே ஏட்டை மூடிவிடுகின்றனர். அது அவசரம் என்பேன். பண்ணையடிமை முறை 1861இலேதான் ஒழிந்த நாடு அது. கற்றவரோ மிகச் சிலர். அச்சிலரது அறிவாற்றலைச் சிக்கனமாகச் செலவிடவேண்டாமா என்பதே அவரது கேள்வி. கவிஞனின் ஓய்வுக்கு உழைத்துக் கொடுத்தவன் யார் என்ற வினாவும் அதனுள் அடங்கும். வினா நியாயமானது, விடைதான் கோணல். சப்பாத்துத் தைப்பவனுக்காக இரங்கியவர், அவனுக்கும் பாட்டு வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்திலர். (இத்தனைக்கும், அவரது உரைநடையின் மிடுக்கு எந்தப் பயன்பாட்டுக் கணக்கிலும் அடங்காதது!)

நூலொன்று மனத்தைத் தொட்டபோதோ அவரைப்போற் படித்தவர் அரியர். துர்கனேவின் பஸாரோவ் இளந்தலைமுறையைப் பழிக்கப் படைக்கப்பட்டவன் என்று முற்போக்கு அணியிலேயே பலர் சினந்தவேளை, அவனைத் தம்மவன் என்று துணிந்து ஏற்றார் பிஸாரெவ். 1867இல் 'குற்றமும் தண்டனையும்' பற்றி எழுதப் புகுந்தார். அது அந்த அங்கதக்காரரின் நாவலேயன்றோ? நூலாசிரியரின் சொந்தக் கொள்கைகள் தமக்கு வேண்டா என முதலிலேயே ஒதுக்கிவிட்டு, ரஸ்கோல்னிக்கோவின் வாடகை பாக்கியையும் வெறும் வயிற்றையும் ஆராய அமர்ந்துவிடுகிறார்.