ஊக்கு தந்த மனிதர்

சட்டைப் பொத்தான் அறுந்து போனால், தாயின் கை தாலிச் சங்கிலியில் மாட்டியிருக்கும் ஊக்கைத் தேடுகிறது. அவசரத்திற்கு உதவும் அச்சிறு பொருளை நமக்கு அளித்தவர் யார் என நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவர் பெயர் வால்ட்டர் ஹன்ட். 1796-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். புதியன படைப்பதில் வல்லவர். பொருள் சேர்ப்பதில் அல்லர்.

1849-இல் அவருக்கு 15 டாலர் கடன் இருந்தது. அதைத் தீர்க்கும் வழியை எண்ணியவாறே, கையிலிருந்த கம்பியொன்றை வளைத்தும் முறுக்கியும் பார்த்தாராம். நடுவில் ஒரு சுருள் அமைந்தது. அது வில்லைப் போல் விசை தந்தது. மறுமுனையில் ஒரு கொக்கி. அது கூர்முனையைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. பண்டைய உரோமரும் சுருள் வைத்த ஊசிகளை ஆடையில் அணிந்ததுண்டு. ஆயினும் விசையையும் காப்பையும் ஒரே கம்பியில் எளிதாக இணைத்தது ஹன்ட்டின் திறமை. ஏப்ரல் 10-ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. அவரோ அதை 400 டாலருக்கு விற்றுக் கடனை அடைத்தார். பின்னர் கோடிக்கணக்கில் விற்பனையான ஊக்கினால் அவருக்குக் கிடைத்தது அவ்வளவே.

இதற்கு முன்பே அவர் இழந்த செல்வம் மற்றொன்று உண்டு. 1834-ஆம் ஆண்டையொட்டி, முனையில் காதுள்ள ஊசியும் ஓடமும் கொண்டு இரு நூல்களால் தைக்கும் எந்திரத்தை அவர் உருவாக்கியிருந்தார். அதைக் கொண்டு தொழில் தொடங்குமாறு மகள் கரோலினிடம் கூறினார். கையால் தைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண்களின் கதி என்னாகும் என்று மகள் தயங்கினாள். தந்தையும் அதற்குக் காப்புரிமை கோராது விட்டுவிட்டார் என்பர்.

ஆனால் காலம் காத்திருக்கவில்லை. 1846-இல் எலியாஸ் ஹோவ் என்பவர் தையல் எந்திரத்திற்கு உரிமை பெற்றார். பின்னர் எழுந்த வழக்கில், முதலில் கண்டுபிடித்தவர் ஹன்ட்டே என 1854-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும் காலம் கடந்துவிட்டதால் உரிமை மறுக்கப்பட்டது. தையல் எந்திர உற்பத்தியாளர் ஐசக் சிங்கர் 1858-இல் அவருக்கு 50,000 டாலர் தர இசைந்தார். அத்தொகை கைக்கு வருமுன், 1859-இல் ஹன்ட் மறைந்தார்.

அவர் ஒதுங்கி நின்றும் எந்திரம் வந்தே தீர்ந்தது. அவ்வாறாயின் அந்தத் தயக்கம் வீணா? ஒரு புதுமையைக் கண்டதும், இதனால் யார் வாழ்வர் என வினவுவோர் பலர். யார் வாடுவர் என வினவுவோர் சிலரே. ஒரு வீட்டில் தந்தையும் மகளும் அமர்ந்து அவ்வினாவை எழுப்பினர். நம் வீட்டிலும் அது எழுமா?