இடிந்தபின் ஈவதும் இடியாமற் காப்பதும்

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் ஊருக்குள் வருபவர் இருவர். ஒருவர் அரிசியும் போர்வையும் கொணர்பவர். மற்றவர் இடிந்த சுவரை அளந்து எழுதிச் செல்பவர். அச்சுவர் அடுத்த மழைக்கு நிற்குமா, நிற்பதற்கு யாது செய்தல்வேண்டும் என்று பார்க்க வருபவர் எவரும் இலர்.

2023 திசம்பர் 17, 18 ஆகிய நாள்களில், ஒரு பகலும் ஓரிரவும் கழிவதற்குள் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. பொருநை இருகரையும் புரண்டு ஊர்களுக்குள் புகுந்தது. அதற்கு இரு கிழமைகட்கு முன்னரே மிக்சாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. 2018 நவம்பரில் கசா, 2011 திசம்பரில் தானே, 2015-இல் அடையாற்று வெள்ளம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு முறையும் வீடுகள் விழுந்தன. ஒவ்வொரு முறையும் விழுந்த வீடு விழுந்த இடத்திலேயே, விழுந்த உயரத்திலேயே மீண்டும் எழுப்பப்பெற்றது.

இதற்கு மக்களின் அறியாமையைக் குறைகூறுவது எளிது. உண்மை, பணம் வழங்கும் நெறியிலேயே உள்ளது. 2022 முதல் 2026 வரைக்கும் நடுவணரசு வகுத்த பேரிடர் உதவி நெறியின்படி, சமவெளியில் முற்றும் அழிந்த வீட்டிற்கு 1,20,000 உருபா. அழிந்த குடிசைக்கு 8,000 உருபா. நூற்றுக்குப் பதினைந்து பங்கேனும் பழுதுற்ற கல்வீட்டிற்கு 6,500 உருபா. இவ்வாறாயிரத்து ஐந்நூற்றைக் கொண்டு ஒரு சுவரைப் பூசி முடிப்பதே அரிது. அடித்தளத்தை ஒரு முழம் உயர்த்துவது எங்ஙனம்? உயர்த்துதற்கென்று அந்நெறியில் தனித்தொகை ஏதும் குறிக்கப்பெறவில்லை.

இவ்வுதவியை 'நிவாரணம்' என்னும் வடசொல்லால் வழங்குகின்றனர். அச்சொல்லுக்கு அதன் மொழியில் தடுத்தல், விலக்குதல் என்பதே பொருள். இங்கோ, ஒன்றையும் தடுக்காமல் எல்லாம் முடிந்தபின் கொடுப்பதற்கு அது பெயராயிற்று. இரவல் வாங்கிய சொல்லையும் பொருளறிந்து வாங்கினாரில்லை.

காக்கும் வழிகள் அரியவையும் அல்ல. முன்னை வெள்ளம் நின்ற கோட்டிற்குமேல் தரையை உயர்த்துதல் முதலாவது. ஆற்றோரத்து ஊர்களில் பழைய வீடுகள் உயர்ந்த திண்ணையின்மேல் அமர்ந்திருந்தமை அழகு நோக்கி மட்டும் அன்று. புயற்காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதில்லை. உறிஞ்சித் தூக்கியே பறிக்கின்றது. ஆகலின் கூரையைச் சுவரோடும் சுவரை அடித்தளத்தோடும் இரும்பால் பிணித்தல்வேண்டும். இருபுறம் மட்டும் சரிந்த கூரையினும் நாற்புறமும் சரிந்த கூரை காற்றைத் தாங்கும். களிமண் சாந்தில் கட்டிய செங்கற்சுவர் நீரில் ஊறினால் நெகிழும்; கதவு சன்னல்களுக்கு மேலாகச் சுற்றிலும் ஒரு கற்காரைக் கட்டு இட்டால் அவ்வளவில் சரியாது. மின்பலகையைத் தலைக்குமேல் ஏற்றி வைத்தலும், சாய்கடை நீர் வீட்டிற்குள் திரும்பாதபடி குழாயில் ஓர் அடைப்பிதழ் பொருத்தலும் சிறு பணிகளே. கொத்தனார்கள் அறிந்தவையே இவை. செய்யத்தான் கையில் பணமில்லை.

சென்னையில் வேறொரு கொடுமையும் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதால், ஒருகாலத்தில் தெருவினும் மூன்றுபடி உயர்ந்திருந்த வீடுகள் இன்று தெருவிற்குக் கீழே கிடக்கின்றன. அவ்வீட்டுக்காரர்களுள் சிலர் திருகுதூக்கிகளை அடியில் வைத்து வீட்டையே தூக்கிக்கொள்கின்றனர். அதற்குரிய இலக்கக்கணக்கான உருபாவும் அவர்தம் கைப்பொருளே. சாலையை உயர்த்தியது ஆட்சி. வீட்டை உயர்த்தும் செலவு குடிமகன் தலையில்!

பிறநாடுகளில் இது நெடுநாளாகவே ஆட்சியின் கடன். இங்கிலாந்தில் 2015 திசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வீடுகட்கு, பழுதுபார்க்கும் செலவிற்குப் புறம்பாக, அடுத்த வெள்ளத்தைத் தாங்குமாறு அமைத்துக்கொள்ள வீட்டிற்கு 5,000 பவுன் வரை வழங்கப்பெற்றது. அமெரிக்காவின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில், பெரும்பழுதுற்ற வீட்டை உயர்த்தவோ இடம்பெயர்க்கவோ 30,000 தாலர் வரை தனியே தரும் பிரிவு உண்டு. அவை செல்வநாடுகள் என்று விடை வரும். அண்டையிலுள்ள கேரளம் 2018 வெள்ளத்தில் முற்றும் அழிந்த வீட்டிற்கு நான்கு இலக்கம் உருபா கொடுத்ததே, அதற்கு என்ன விடை?

பணமே இல்லை என்பதும் பொருந்தாது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் துயர்துடைப்புக்கு ஒன்றும் முன்காப்புக்கு ஒன்றுமாக இருவகைப் பொருள்வைப்பைக் கூறியது. முதலாவது 2010-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. முன்காப்பு வைப்போ நடுவணளவில் 2021-இல்தான் அமைந்தது; சட்டம் பிறந்து பதினாறு ஆண்டு! பதினைந்தாம் நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்கும் மாநிலங்களின் பேரிடர்ப் பொருளில் ஐந்தில் ஒருபங்கை முன்காப்பிற்கென ஒதுக்கியது. அப்பங்கு பெருங்கரைகளுக்கும் கடற்சுவர்களுக்கும் உரியதன்று, ஊரளவிலான சிறு பணிகளுக்கே உரியது என்றும் அது கூறிற்று. ஒரு வீட்டின் அடித்தளத்தினும் சிறிய பணி யாது? எனினும் 2023 திசம்பரில் சென்னை வெள்ளத் தடுப்பிற்கென இசைவளிக்கப்பெற்ற 561.29 கோடித் திட்டம் நீர்நிலைகளையும் வடிகால்களையும் பற்றியதேயன்றி வீடுகளைப் பற்றியதன்று. ஏரியைச் சீர்செய்தல் வேண்டுவதே. ஆனால் ஏரி நிறையும் வேளையில் எளியவனைக் காப்பது அவன் வீட்டின் தரைமட்டம்.

தில்லியின் கைச்சுருக்கமும் மறைக்கத்தக்கதன்று. 2023-இன் இரு பேரழிவுகட்கும் தமிழ்நாட்டரசு கேட்டது ஏறத்தாழ 37,900 கோடி. ஆண்டுதோறும் வரும் பங்கிற்கு மேலாக, 2024 ஏப்பிரலில் வழங்கப்பெற்ற ஒப்புதல் ஏறத்தாழ 276 கோடி. அதுவும் மாநிலம் உச்சநீதிமன்றத்தின் படியேறிய பின்னர். ஆயினும் தில்லியைச் சுட்டிய விரலோடு கோட்டை அமைதியடைதல் ஆகாது. மேற்கூறிய ஐந்தில் ஒருபங்கு மாநிலத்தின் கைக்கு வருவது. அதனை வீட்டுக்காரனிடம் சேர்ப்பிக்கத் தமிழ்நாட்டரசே வழி வகுத்திருத்தல்வேண்டும்.

ஓர் எதிர்வாதம் வலிவுடையது. ஏரிக்குள்ளும் ஆற்றுப்படுகையிலும் கட்டிய வீட்டை உயர்த்தப் பணம் கொடுத்தால், இருக்கக்கூடாத இடத்தில் இருக்கச் சொல்வதாகாதா? ஆகும். அத்தகைய வீடுகளை உயர்த்துதல் கூடாது, மாற்றவே வேண்டும். ஆனால் மாற்றுவதென்பது அடையாற்றங்கரைக் கூலித்தொழிலாளியைப் பிழைப்பிடத்தினின்று பிய்த்து, 2015-க்குப்பின் நிகழ்ந்ததுபோல், பெரும்பாக்கத்து அடுக்ககத்தில் எறிவதன்று. வேலைக்கு நடந்துபோகும் தொலைவில் மேட்டுநிலம் தருதல்வேண்டும். பட்டா இல்லாதானுக்கு உதவியில்லை என்னும் தடையும் நீங்கவேண்டும். தாழ்நிலத்தில் நெடுங்காலம் வாழ்வோருள் பட்டா இல்லாதாரே பலர்.

சுவரை அளக்க வருபவர் கையிலுள்ள தாளில் முற்றழிவு, ஒருபகுதியழிவு, குடிசை என்னும் கட்டங்கள் உள்ளன. வெள்ளம் நின்ற கோட்டிற்கு அவ்வீட்டின் தரை எத்தனை அடி தாழ்ந்துள்ளது என்பதற்கும் அத்தாளில் ஒரு கட்டம் வேண்டும். அக்கட்டத்திற்கு எதிரே, அத்தரையை உயர்த்துதற்குரிய தொகையும் எழுதப்பெறல்வேண்டும்.